காட்சிக்கூடத்தில் ஓர் அமானிதம்

சென்ற மாதம் நம் பழைய மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். சிறு வயதில் நம்மிடம் ஓதியவர். பின்னர் பொறியியல் பயின்று, இப்போது பெங்களூரில் ஒரு பெரிய கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறார். நலம் விசாரித்துத் தேநீர் அருந்திய பிறகும் விடைபெறாமல் அமர்ந்திருந்தார். சொல்ல வந்த ஒன்றைச் சொல்லத் தயங்குகிறார் என்பது தெரிந்தது. "என்ன தம்பி, மனத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்றோம்.

அவருடைய நிறுவனத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தனிப் பிரிவு உண்டு. அப்பிரிவினர் ஆண்டுக்கொருமுறை, தாம் கண்டறிந்தவற்றையும் செய்து பார்த்தவற்றையும் தம் நிறுவன ஊழியர்களுக்கு மட்டும் காட்டுவார்கள். ஒரு மண்டபத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆய்வாளர் நின்று விளக்குவார். அழைப்புப் பெற்ற ஊழியர்கள் கந்தூரிக் கடைகளைச் சுற்றி வருவதைப்போல மேசை மேசையாகச் சுற்றி வருவார்கள். பார்த்ததை அழைப்புப் பெறாதவர்களிடம் பேசுவதில்லை என்று கையொப்பமிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். இவ்வாண்டு அழைப்புப் பெற்றவர்களுள் நம் மாணவரும் ஒருவர்.

ஒரு மேசையில் ஒரு கணினி நிரலைக் காட்டினார்கள். வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் முறையீடுகளை அது தானே படித்து, தரம் பிரித்து, மறுமொழியும் எழுதியது. நம் மாணவர் பணிபுரியும் தளத்தில் சிலர் நாள் முழுவதும் அமர்ந்து செய்யும் வேலை அது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். தம் இருக்கைக்குத் திரும்பியபோது, அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் மூத்த சக ஊழியர் ஒருவர், "என்ன பார்த்தீர்கள்?" என்று ஆவலோடு கேட்டார். "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார் நம் மாணவர்.

"வாய் திறக்காமல் நிறுவனத்தின் அமானிதத்தைக் காப்பாற்றிவிட்டேன், ஹஜ்ரத். ஆனால் அவருடைய முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், வேறோர் அமானிதத்தில் மோசம் செய்துவிட்டதாகத் தோன்றுகிறது. நான் செய்தது சரிதானா?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை. அமானிதத்தைப் பற்றி நாம் கற்றதும் கற்பித்ததும், பெரும்பாலும் ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளைப் பற்றியும், நம்பிச் சொன்ன இரகசியத்தைப் பற்றியுமே. ஒன்றை உலகுக்கு முன்னதாகக் கண்டுவிட்டவர், அதனால் பாதிக்கப்படப் போகிறவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்னும் கேள்வியை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. சில நாள் அவகாசம் கேட்டோம். அந்நாள்களில் படித்ததையும் சிந்தித்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை. நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய நிறுவனங்களில் இருக்கிறார்கள். இக்கேள்வி நாளை எந்த வீட்டின் வாசலுக்கும் வரக்கூடும்.

பெரிய நிறுவனங்கள் ஆராய்ச்சியைத் தொழிற்சாலையிலிருந்து சற்றே தள்ளி வைப்பது வழக்கம். அன்றாட விற்பனையின் அவசரம் ஆய்வாளரை அண்டாதிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதனால் ஒரு குறையும் நேர்கிறது. ஆராய்பவர் ஒருபுறமும் பொருளைச் செய்து விற்பவர் மற்றொருபுறமுமாக, ஒருவரை ஒருவர் அறியாதவராகிவிடுகின்றனர். அந்த இடைவெளியைக் குறைக்கவே இத்தகைய உட்காட்சிகள் பயன்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1991இல் தன் ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கிற்று. 2001இல், அப்பிரிவின் பணிகளைத் தன் ஊழியர்களுக்குக் காட்டும் 'டெக்ஃபெஸ்ட்' என்னும் ஆண்டுக் காட்சியைத் தொடங்கிற்று.

கடைவீதியில் ஒரு பொருளைப் பார்ப்பவர் வாங்கலாம், அல்லது வாங்காமல் போகலாம். அத்துடன் அவர் காரியம் முடிந்துவிடுகிறது. உட்காட்சியைப் பார்க்கும் ஊழியரின் நிலை வேறு. அவர் கேட்கும் கேள்வியால் ஒரு கருவி திருத்தம் பெறலாம். அவர் காட்டும் அலட்சியத்தால் ஒரு நல்ல முயற்சி மூலையில் கிடக்கலாம். ஆகவே, அவர் அங்கே வேடிக்கை பார்ப்பவர் அல்லர், ஒரு சாட்சி. சாட்சிக்கு இரண்டு கடமைகள் உண்டு. கண்டதைச் சரியாகக் காண வேண்டும். சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்ல வேண்டும். இவ்விரண்டும் எங்கே தவறிப்போகின்றன என்பதற்கு இரண்டு வரலாறுகள் நமக்குப் பாடமாக இருக்கின்றன.

முதலாவது, நகலெடுக்கும் இயந்திரத்தால் பெயர்பெற்ற ஜெராக்ஸ் நிறுவனத்தைப் பற்றியது. அந்நிறுவனம் 1970இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. 1973இல் அங்கே 'ஆல்டோ' என்ற கணினி உருவாயிற்று. இன்று மேசைக் கணினியில் நாம் காணும் பலவும் அந்நிலையத்தில் அக்காலத்திலேயே அமைந்துவிட்டன: எழுத்தையும் படத்தையும் ஒருசேரக் காட்டும் திரை, கையால் நகர்த்திச் சுட்டும் மௌஸ், ஒரு கணினியை மற்றொன்றோடு இணைக்கும் ஈதர்நெட், திரையில் கண்டவாறே தாளில் அச்சிட்டுத் தரும் லேசர் அச்சுப்பொறி. 1977 நவம்பர் 10ஆம் நாள், ஃபுளோரிடா மாநிலத்தின் போகா ராட்டன் நகரில் நடந்த ஜெராக்ஸ் உலக மாநாட்டின் இறுதி நாளன்று, இவற்றை நிறுவனத்தின் உயர் அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். 'எதிர்கால நாள்' என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். அதிகாரிகள் தத்தம் மனைவியரோடு வந்திருந்தனர்.

அன்று நடந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்தவர்களுள் சார்லஸ் கெஷ்கி ஒருவர். அப்போது அவர் அந்நிலையத்தின் ஆய்வாளர்; 1982இல் அடோபி நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர். அதிகாரிகள் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்களாம். அவர்களுடைய மனைவியரோ நேரே கருவியிடம் சென்று, மௌஸைத் தாமே இயக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார்களாம். அப்பெண்களில் பலர் அலுவலகங்களில் செயலர்களாகப் பணியாற்றியவர்கள். தட்டச்சுப் பொறியின் காலத்தில், ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் ஒரு பக்கத்தையே மறுபடியும் தட்ட வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைப் பட்டவர்களுக்கு, திரையிலேயே திருத்திக்கொள்ளும் கருவி என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரிகளுக்கோ, தட்டச்சும் கோப்பு அடுக்குதலும் பிறர் செய்து கொண்டுவந்து தருபவை. அந்தக் காட்சியின் உட்பொருள் அன்றைக்குத் தமக்கே விளங்கவில்லை என்றும் கெஷ்கி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதைப் படித்தபோது இப்னுல் ஹைஸம் நம் நினைவுக்கு வந்தார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த, பதினோராம் நூற்றாண்டின் அப்பேரறிஞர், தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதால் பார்வை உண்டாகிறது என்று நிறுவினார். அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ஒளி வந்து சேர்வதால் மட்டும் ஒரு பொருளை அறிந்தவராக மாட்டோம். முன்பு அறிந்தவற்றோடு ஒப்பிட்டு, இது இன்னது என்று உள்ளம் தீர்மானிக்கும்போதுதான் அதை அடையாளம் காண்கிறோம் என்றும் விளக்கினார். போகா ராட்டன் மண்டபத்தில் இருந்த எல்லாருடைய கண்களிலும் ஒரே ஒளிதான் விழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்க உள்ளத்தில் ஏதேனும் இருந்தவர்கள் கண்டுகொண்டார்கள். இல்லாதவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். பயன்படுத்திப் பலன் அறிந்த மருந்தைக் 'கைகண்ட மருந்து' என்று சொல்லும் நம் தமிழும் இதைத்தான் சொல்கிறது. கண்ணுக்கு முன்னால் கை காண வேண்டியிருக்கிறது.

அறியாமை குற்றமாகுமா என்று இங்கே ஒருவர் கேட்கலாம். எல்லா அறியாமையும் குற்றமன்று. ஆனால், ஒரு வேலை தம் தகுதிக்குக் குறைந்தது என்று எண்ணி அதை நெருங்காமல் இருந்ததால் உண்டான அறியாமைக்கு ஒருவர் பொறுப்பாளி ஆகிறார் என்றே நாம் கருதுகிறோம். மற்றவர் உழைப்பை அறியாதவர், அவ்வுழைப்பை எளிதாக்க வந்த கருவியையும் அறியமாட்டார். அதைப் பறிக்க வந்த கருவியையும் அறியமாட்டார்.

இரண்டாவது வரலாறு, நம் மாணவரின் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உள்ள கொடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியாளர் பணியில் இருந்தார். 1975 டிசம்பரில், அவர் ஃபிலிம் இல்லாமல் படமெடுக்கும் கேமரா ஒன்றைச் செய்து முடித்தார். அதன் எடை ஏறக்குறைய 3.6 கிலோகிராம். ஒரு சினிமாக் கேமராவின் லென்ஸ், 16 மின்கலங்கள், ஒலிப்பதிவு செய்யும் கேசட் ஆகியவை அதில் இருந்தன. குறுக்கில் 100, நெடுக்கில் 100 என மொத்தம் 10,000 புள்ளிகளாலான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. பதிந்ததைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்க்க வேண்டும். அங்கே பணிபுரிந்த பெண் ஊழியர் ஒருவரைத்தான் முதலில் படம் எடுத்தார் சாசன். திரையில் கூந்தல் தெரிந்தது, முகம் தெளியவில்லை. அப்பெண்மணி பார்த்துவிட்டு, இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்ற பொருளில் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். வீண் புகழ்ச்சியும் இல்லாமல் ஏளனமும் இல்லாமல் அவர் சொன்ன அந்தச் சொல், ஒரு நல்ல சாட்சியம் என்று நமக்குத் தோன்றுகிறது.

1976இல், சாசன் அந்தக் கேமராவை நிறுவனத்தின் பல பிரிவு அதிகாரிகளுக்கு அறை அறையாகக் காட்டி வந்தார். கூடியிருந்தவர்களையே படமெடுத்து, அங்கேயே தொலைக்காட்சியில் காட்டினார். படத்தை ஏன் ஒருவர் தொலைக்காட்சியில் பார்க்க விரும்ப வேண்டும், இவற்றை எங்கே சேமித்து வைப்பது, இது எப்போது விற்பனைக்கு வரக்கூடும் என்றெல்லாம் அவர்கள் கேட்டனர். கடைசிக் கேள்விக்குச் சாசன் கணக்கிட்டுச் சொன்ன விடை, 15 முதல் 20 ஆண்டுகள் என்பது. 1978இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் கேமராவை வெளியாருக்குக் காட்டவோ அதைப் பற்றி வெளியே பேசவோ அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

அந்த அதிகாரிகளை அறிவிலிகள் என்று எழுதிவிட்டுப் போவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அது நீதியன்று. 1976இல் வீடுகளில் கணினி இல்லை. சாசன் காட்டிய படமும் தெளிவற்றது. பிற்காலத்தில் கொடாக், தொழில்முறைப் படக்காரர்களுக்கான டிஜிட்டல் கேமராவை 1991இலேயே விற்றது. அக்காப்புரிமையால் பெரும்பொருளும் ஈட்டியது. மேலும், ஃபிலிமும் அதைக் கழுவும் இரசாயனமும் படம் அச்சிடும் தாளும் விற்றுத்தான் அந்த ஊர் வாழ்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ராச்செஸ்டர் வட்டாரத்தில் மட்டும் கொடாக் ஊழியர்கள் 60,000 பேர் இருந்தனர். அத்தனை பேருடைய உணவுத் தட்டும் ஃபிலிமின் மேல் இருக்கையில், ஃபிலிமே வேண்டாத கருவியைக் கண்டு அதிகாரிகள் தயங்கியதை நாம் பழிக்கமாட்டோம்.

நாம் குறையாகக் காண்பது வேறொன்று. 15 முதல் 20 ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து வேலைக்குப் போகும் காலம். அந்த அவகாசத்தைப் பற்றிய அறிவு சில அறைகளுக்குள் இருந்தது. அதைக் கேட்டவர்கள் தம் நிறுவனத்துக்கு என்ன ஆகும் என்று எண்ணினார்கள். ஃபிலிம் ஆலையில் நின்று உழைத்தவருக்கு அந்த அறைகளில் இடம் இல்லை. அத்தகைய ஒருவர் தம் மகனையும் அதே ஆலையில் சேர்க்கலாமா, நீண்ட தவணையில் வீடு வாங்கலாமா என்றெல்லாம் முடிவு செய்ய வேண்டியிருந்திருக்கும். 2012 ஜனவரியில் கொடாக் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியபோது, ராச்செஸ்டரின் 60,000 என்ற தொகை சில ஆயிரங்களாகச் சுருங்கியிருந்தது. முன்பே சொல்லியிருந்தால் எல்லாரும் தப்பியிருப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. தம் வாழ்க்கையைப் பற்றிய முடிவை, அறிந்து எடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்திருக்கும் என்றே சொல்கிறோம்.

நிறுவனத்தின் பொருள் நிறுவனத்துக்கே சொந்தம். அதைப் பற்றிப் பிறருக்குச் சொல்ல என்ன கட்டாயம் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ஃபிக்ஹு நூல்களில் உள்ள 'ஷுஃப்ஆ' என்னும் சட்டத்தைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். இருவர் பங்காளிகளாக உள்ள நிலத்தில் ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்றால், அதே விலைக்கு அதைப் பெறும் முன்னுரிமை மற்றப் பங்காளிக்கு உண்டு. ஹனஃபி மத்ஹபில் அடுத்த வீட்டுக்காரருக்கும் அந்த உரிமை நீள்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் பங்காளியோடு நின்றுவிடுகிறது. இது நிலம் பற்றிய சட்டம். கருவிகளுக்கும் வேலைகளுக்கும் அதை அப்படியே பொருத்திக் காட்டுவது நம் நோக்கமன்று. ஆனால் அதன் உட்கருத்து சிந்திக்கத் தக்கது. ஒருவர் தம் சொந்தப் பொருளில் செய்யும் காரியமே ஆனாலும், அது அருகில் இருப்பவரின் வாழ்வைத் தொடுமானால், அருகில் இருப்பவர் எண்ணத்தில் கொள்ளப்பட வேண்டியவர் ஆகிவிடுகிறார். பல ஆண்டுகள் ஒரே தளத்தில் உழைத்தவர், அந்த வேலையில் பங்காளி என்று சொல்லத் தகாதவரா?

இவ்வளவும் எண்ணிய பிறகு நம் மாணவரைத் தொலைபேசியில் அழைத்து, நமக்குப் பட்டதைச் சொன்னோம்.

கையொப்பம் இட்டுக் கொடுத்த வாக்கை மீற வேண்டாம் என்று முதலில் சொன்னோம். ஒரு கருவி எப்படிச் செய்யப்பட்டது, எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பது அதைச் செய்தவர்களின் உடைமை. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் ஒன்றை மறைக்கச் சொல்லும் வாக்கு வேறு; அப்படிப்பட்ட வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. இது அவ்வகையைச் சேர்ந்ததன்று. மனக்கலக்கத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக அந்த மூத்த ஊழியரிடம் அரையும் குறையுமாகச் சொல்லி அச்சமூட்டுவதும் உதவி ஆகாது.

ஆனால் அந்த மண்டபத்துக்குள் பேசுவதற்குத் தடை எதுவும் இல்லையே என்பதைச் சுட்டிக்காட்டினோம். அவரை அழைத்ததே பேசுவதற்காகத்தான். கைதட்டியது பிழையன்று, ஆய்வாளரின் உழைப்புக்கு அது உரியது. கைதட்டலோடு நின்றதுதான் குறை. இந்த வேலையை இப்போது செய்கிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஏற்பாடு, எப்போது அவர்களுக்குச் சொல்வீர்கள் என்று அங்கேயே கேட்டிருந்தால், எந்த இரகசியமும் வெளியாகியிருக்காது. மேலிடத்தில் கேட்டால் மனஸ்தாபம் வருமே என்றார். வரலாம் என்றோம். ஜெராக்ஸ் வரலாற்றில் அதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 1979 டிசம்பரில், ஆப்பிள் நிறுவனத்தார் பாலோ ஆல்டோவுக்கு வந்து அந்நிலையத்தின் கண்டுபிடிப்புகளைப் பார்க்கக் கேட்டபோது, அடேல் கோல்ட்பர்க் என்ற பெண் ஆய்வாளர் அது தகாது என்று தம் மேலதிகாரிகளிடம் வன்மையாக வாதாடினார். மேலிடம் கட்டளையிட்ட பிறகே காட்டினார். அவர் சொல் எடுபடவில்லை. ஆனாலும், கண்டதன் மதிப்பை அறிந்து, உரிய இடத்தில் உரைத்துவிட்டார். சாட்சி சொல்பவருக்குத் தீர்ப்பு வழங்கும் பொறுப்பு இல்லை. சொல்லாமல் இருக்க அனுமதியும் இல்லை.

கடைசியாக, அந்த மூத்த ஊழியரை மறந்துவிட்டுக் கருவியை மட்டும் பார்ப்பது ஆய்வாளருக்கும் நல்லதன்று என்றோம். முறையீடு எழுதுகிறவர் கோபத்தில் எழுதுவது எது, இயலாமையால் எழுதுவது எது என்பது, பல்லாண்டு அவற்றைப் படித்தவருக்குத்தான் தெரியும். போகா ராட்டனில் செயலர்களாக இருந்த பெண்கள் கண்டதைப்போல, அவரும் அந்த மேசையின் முன் நின்றால் மற்றவர் காணாததைக் காண்பார். அக்கருவியின் குறையை அவர் காட்டக்கூடும். அதனால் தமக்கு வரப்போவதையும் தம் கண்ணாலேயே கண்டு தயாராகிக்கொள்ளக்கூடும். அப்படி அவரை உள்ளே அழைக்கச் செய்தால், இரண்டு அமானிதங்களும் ஒருங்கே நிறைவேறும்.

சில நாள் கழித்து நம் மாணவர் மீண்டும் பேசினார். ஆய்வுப் பிரிவின் தலைவருக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறாராம். கருவியைப் பாராட்டி, இந்த வேலையைச் செய்துவருகிறவர்களை அழைத்து அதைச் சோதிக்கச் செய்ய வேண்டும் என்றும், அவர்களுடைய வருங்காலம் என்ன என்பதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறார். "பதில் வந்ததா?" என்று கேட்டோம். "கிடைத்தது என்று மட்டும் ஒரு வரி வந்தது, ஹஜ்ரத். அவரைக் கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை. பத்து நாளில் மறுபடியும் எழுதுவேன்" என்றார்.

எழுதுங்கள் என்றோம்.